உஷார்! ஐசியு-வில் கிடப்பவரின் முதுகைப் பார்த்தீர்களா?

செங்கம், போளூர், ஜவ்வாது மலை என்று எங்கிருந்தோ திருவண்ணாமலைக்குத் தூக்கி வந்து, ஐசியு வாசலில் காத்திருக்கும் சொந்தங்களே! பக்கவாதமோ, சாலை விபத்தோ, பாம்புக்கடியோ, எதற்காகச் சேர்த்திருந்தாலும் இன்றே ஒன்று கேளுங்கள்: "சிஸ்டர், இடுப்புக்குக் கீழே தோல் எப்படி இருக்கு?"

மயக்கத்தில் இருப்பவருக்கு வலி தெரியாது, தானாகப் புரளவும் முடியாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தசை நசுங்கி ரத்த ஓட்டம் நின்றால், சில மணி நேரத்திலேயே உள்ளே அழுக ஆரம்பித்துவிடும். அதுதான் படுக்கைப் புண். பிபி ஏற்றும் மருந்து ஓடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். 'சூப்பர்மேன்' நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 2004-ல் இறந்தது, படுக்கைப் புண்ணில் ஏறிய கிருமிக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோதுதான். அவ்வளவு வசதி இருந்தவருக்கே அந்தக் கதி!

ஒருக்களித்துத் திருப்பும்போது வால் எலும்பின் மேல் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லையென்றால், தோல் கிழியாமலே புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாகவோ, கெட்டியாகவோ, கருநீலமாகவோ இருந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். குதிகால், பின்மண்டை, காதுமடல், மாஸ்க் அழுத்தும் மூக்குத்தண்டு, டியூப் ஒட்டிய உதட்டோரம் எதையும் விடாதீர்கள்.

டாக்டர் தடுக்காதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். இழுக்கக் கூடாது, விரிப்போடு தூக்கித்தான் நகர்த்த வேண்டும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வேண்டும். மலம், சிறுநீர் ஈரத்தை உடனுக்குடன் துடைக்க வேண்டும். ஏர் பெட் போட்டாச்சே என்று அசந்துவிடாதீர்கள், அதிலும் திருப்பியே ஆக வேண்டும்.

சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்! அடியில் இருக்கும் நைந்த தசை மேலும் கெடும். காற்றடைத்த வளையம், ஸ்பிரிட், பவுடர், மஞ்சள் எதுவும் வேண்டாம். அண்ணாமலையார் விபூதியை நெற்றியில் பூசுங்கள், புண்ணில் பூசாதீர்கள்.

டிஸ்சார்ஜ் அன்று முதுகைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். திருப்பும் முறையை சிஸ்டரிடம் ஒருமுறை செய்து காட்டிப் பழகிக்கொள்ளுங்கள். ஊருக்குப் போனதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவைத்தால், 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். நாற்றம், சீழ், காய்ச்சல் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்!