தபாலில் போகும் மின்கலம்

சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால் மின்விசிறி நின்றுவிடுகிறது. மின்கலத்துக்கு அப்படி ஒரு சுவிட்சு உண்டா? இல்லை! கருவியிலிருந்து கழற்றிக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடைத்தாலும், அதனுள் இருக்கும் ஆற்றல் அப்படியேதான் இருக்கும். மின்கலத்தைத் தபாலில் அனுப்பும்போது நாம் மறக்கக்கூடாத உண்மை இது.

எவ்வளவு ஆற்றல்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 3.8 வோல்ட், 5 ஆம்பியர்-மணி கொண்ட கைப்பேசி மின்கலத்தில் உள்ளது 19 வாட்-மணி. இதை 3600 ஆல் பெருக்கினால் 68,400 ஜூல். 200 மில்லிலிட்டர் தண்ணீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேற்ற 58,800 ஜூல் போதும்!

இந்த ஆற்றல் சிறுகச் சிறுக வெளிவந்தால் நமக்குப் பயன். பெட்டிக்குள் ஒரு சாவியோ நாணயமோ நேர்முனையையும் எதிர்முனையையும் இணைத்துவிட்டால்? அங்கே மின்தடை மிகக் குறைவு. எனவே மின்னோட்டம் மிக அதிகம். இதுவே குறுக்குச் சுற்று. மின்கலம் கொதிக்கும். இதை ஒருபோதும் செய்து பார்க்காதீர்கள். 9 வோல்ட் மின்கலத்தின் முனைகள் இரண்டும் அருகருகே இருப்பதால் அதற்கு ஆபத்து அதிகம்.

லித்தியம்-அயனி மின்கலத்தில் இன்னொரு சிக்கல். அதன் இரு மின்வாய்களுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றுதான் தடுப்பு. நசுங்கினாலோ, மிகையாகச் சூடானாலோ படலம் கிழியும் அல்லது உருகும். உள்ளேயே குறுக்குச் சுற்று ஏற்படும். உள்ளிருக்கும் திரவமும் எரியக்கூடியது. ஒன்று பற்றினால் அந்த வெப்பம் பக்கத்து மின்கலத்தையும் பற்ற வைக்கும்.

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் புறப்பட்ட போயிங் 747 சரக்கு விமானம் ஒன்றில் தீ மூண்டது. விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். லித்தியம் மின்கலங்கள் இருந்த சரக்கிலேயே தீ தொடங்கியதாக விசாரணையாளர்கள் கருதினர். 2016 ஏப்ரல் 1 முதல், தனியாக அனுப்பப்படும் லித்தியம்-அயனி மின்கலங்களைப் பயணிகள் விமானங்களில் சரக்காக ஏற்றுவது தடை செய்யப்பட்டது. சரக்கு விமானங்களில் அனுப்புவதற்கு, அவற்றின் மின்னேற்றம் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதியும் வந்தது. ஆற்றல் குறைந்தால் தீயின் வேகமும் குறையும் அல்லவா?

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? முனைகளை இன்சுலேஷன் டேப்பால் மூடுங்கள். ஒவ்வொரு மின்கலத்தையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் இடுங்கள். உலோகப் பொருள் எதையும் உடன் வைக்காதீர்கள். குலுங்காதபடி உறுதியான அட்டைப்பெட்டியில் அடையுங்கள். கருவியோடு அனுப்பினால், வழியில் அது தானாக இயங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உப்பிய, நசுங்கிய, கசியும் மின்கலத்தை அனுப்பவே கூடாது.

எல்லா மின்கலங்களையும் தபாலில் ஏற்பதில்லை. எனவே பெட்டியை ஒட்டுமுன் அஞ்சலகத்தில் கேளுங்கள். உள்ளே இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பெட்டியைத் தூக்கிச் செல்பவருக்கு அதனுள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமல்லவா?