ஓசோன் ஓட்டை என்ன ஆச்சு?

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு நினைவிருக்கும். அறிவியல் கண்காட்சி என்றால் நாலு மேஜைக்கு ஒரு ஓசோன் ஓட்டை இருக்கும். தெர்மாகோல் உருண்டையில் பூமி, சுற்றிலும் நீலக் கண்ணாடித்தாள், தெற்கே ஒரு கிழிசல். பிறகு அந்தப் பேச்சே அடங்கிப்போயிற்று. "அன்னைக்கு ஓசோன்ல ஓட்டைன்னு அவ்வளவு பயமுறுத்துனாங்களே தம்பி, அதை அடைச்சாச்சா? இல்ல, பூமி சூடாவுதுன்னு புதுசா ஒண்ணு கிடைச்சதும் அதை அப்படியே விட்டுட்டாங்களா?" என்று டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் கேட்டார். கிண்டல்தான். ஆனால் காலநிலை அரசியலுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை.

சின்ன பதில்: அடைபட்டு வருகிறது, ஐயா. உலக விஞ்ஞானிகள் ஐ.நா.வுக்காகச் செய்த 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இப்போதைய கட்டுப்பாடுகள் தொடர்ந்தால் உலகின் பெரும்பகுதியில் ஓசோன் 2040 வாக்கில் 1980இல் இருந்த அளவுக்குத் திரும்பிவிடும். வடதுருவத்துக்கு 2045 ஆகலாம், அண்டார்டிகாவுக்கு 2066 வரை ஆகலாம். நடக்காமல் போன கெடுதலைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி போடுவதில்லை. அதனால்தான் பேச்சு அடங்கிவிட்டது.

பெரிய பதிலுக்கு இன்னொரு டீ சொல்ல வேண்டும்.

பழைய ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்தது குளோரோஃபுளோரோகார்பன், சுருக்கமாக சி.எஃப்.சி. தீப்பிடிக்காது, விஷமில்லை, வேறு எதோடும் ஒட்டாது உறவாடாது. அந்தச் சாதுத்தனமே வினையாகும் என்று 1974இல் கலிஃபோர்னியாவிலிருந்து மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எழுதினார்கள். கீழே எதுவும் அதைச் சிதைப்பதில்லை என்பதால் அது பத்திரமாக மேலே போய்ச் சேர்கிறது. அங்கே சூரியனின் புறஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரினைக் கக்குகிறது. ஒரே ஒரு குளோரின் அணு, தான் ஓய்வதற்குள் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை தீர்த்துவிடும். அப்போது இது வெறும் காகிதக் கணக்கு. தயாரிப்பாளர்கள் சும்மா விடவில்லை, பல வருடம் மறுத்துப் பேசினார்கள்.

1985இல் பிரிட்டனின் ஜோசப் ஃபார்மனும் இரண்டு சகாக்களும் அண்டார்டிகாவின் ஹேலி நிலையத்துப் பதிவேட்டைப் புரட்டி ஒரு கட்டுரை எழுதினார்கள். அங்கே 1957 முதல் ஓசோனை அளந்து வந்திருக்கிறார்கள். அக்டோபர் மாத அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயிருந்தது. மொலினா, ரோலண்ட் கணக்குகூட இப்படி ஓரிடத்தில், ஒரு பருவத்தில் சரியும் என்று சொல்லவில்லை. துருவக் குளிரில் உருவாகும் பனிமேகங்களின் மேல்தான் குளோரின் வேலையைக் காட்டுகிறது என்பது பிறகே தெரிந்தது.

இங்கே ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். 1987 செப்டம்பர் 16, கனடாவின் மான்ட்ரியலில் 24 நாடுகள் கையெழுத்துப் போட்டன. அதே வாரங்களில்தான் குளோரின்தான் குற்றவாளியா என்று பார்க்க, சிலியின் தென்கோடியிலிருந்து அமெரிக்க விமானங்கள் ஓட்டைக்குள் பறந்துகொண்டிருந்தன. ஐயத்துக்கு இடமில்லாத பதில் அதற்குப் பிறகுதான் வந்தது. 'ஆதாரம் முழுசா வரட்டும், அப்புறம் பேசுவோம்' என்ற பாட்டு அன்றைக்கு எடுபடவில்லை.

அந்தக் காலத்துத் தலைவர்கள் நல்லவர்கள், அதனால் நடந்தது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேதியியல் படித்த பிரிட்டன் பிரதமர் தாட்சர் பிறகு இதற்கு உதவினார் என்பது நிஜம். ஆனால் சி.எஃப்.சி. தயாரித்தது உலகம் முழுக்க விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள். அவற்றில் பெரியது டியூபான்ட். எண்பதுகளின் நடுப்பகுதிவரை எதிர்த்துவிட்டு 1986இல் திசை திரும்பியது, 1988இல் சி.எஃப்.சி. தயாரிப்பையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. மனசாட்சியும் கொஞ்சம் இருக்கலாம். மாற்றுப் பொருளைச் செய்து விற்கப்போவதும் அதே கம்பெனிதான் என்பதை மறக்க வேண்டாம். அமெரிக்க செனட் இந்த உடன்படிக்கையை 83க்கு 0 என்று ஏற்றது. அதே செனட் 1997இல், வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு வைக்காத எந்தக் காலநிலை ஒப்பந்தத்தையும் ஏற்க மாட்டோம் என்று 95க்கு 0 தீர்மானம் போட்டது. பத்து வருடத்தில் அறிவியல் பலவீனமாகவில்லை. கைவைக்க வேண்டிய இடம்தான் மாறியிருந்தது. இந்த முறை அது நிலக்கரி, பெட்ரோல், சிமென்ட், மின்சாரம்.

உடன்படிக்கையை எழுதிய விதத்திலும் சூட்சுமம் இருந்தது. சேராத நாட்டோடு இந்தச் சரக்கில் வியாபாரம் கிடையாது, ஆக வெளியே நிற்பவருக்கு நஷ்டம். சில வருடத்துக்கு ஒருமுறை நிபுணர்கள் புதுத் தகவலோடு வருவார்கள். அதை வைத்து அளவை இறுக்கலாம், அதற்காக ஒவ்வொரு நாடாளுமன்றத்துக்கும் மறுபடி போக வேண்டியதில்லை. 1987இல் பாதியாகக் குறைப்போம் என்றுதான் ஒத்துக்கொண்டார்கள். முழுத்தடை அப்புறம் வந்தது. கண்காணிப்பும் சும்மா இல்லை. தடை செய்த சி.எஃப்.சி.-11 காற்றில் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று 2018இல் விஞ்ஞானிகள் சொன்னார்கள். கொரியா, ஜப்பான் நிலையங்களின் அளவுகளை வைத்துத் தேடியதில் கிழக்குச் சீனாவரை போய்க் கையைப் பிடித்துவிட்டார்கள். அடுத்த சில வருடங்களில் அளவு மறுபடி இறங்கியது.

அப்புறம் பணம். இந்தியாவும் சீனாவும் முதலில் சேரவில்லை. 1990இல் லண்டன் கூட்டத்துக்குப் போன அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தியின் வாதம் நேரானது: கெடுத்தது நீங்கள், மாற்றுவதற்கான செலவையும் தொழில்நுட்பத்தையும் நீங்கள் தர வேண்டும். ஒரு பலதரப்பு நிதி உருவானது. முதல் மூன்று வருடத்துக்கு 16 கோடி டாலர், இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் 24 கோடி. இரண்டும் சேர்ந்தன. இந்தியா 1992இல் உறுப்பினரானது, 2008 ஆகஸ்டில் சி.எஃப்.சி. உற்பத்தியை நிறுத்தியது. கெடு 2010 வரை இருந்தது. காலநிலை மாநாடுகளில் வருடா வருடம் நடக்கும் நிதிச் சண்டையோடு ஒப்பிட்டால் 24 கோடி என்பது சில்லறைக் காசு. ஆனால் அது நிஜமாகவே கைக்கு வந்தது.

ஓசோனும் வெப்பமும் வேறு வேறு விவகாரம் அல்லவா என்று கேட்பீர்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டவர் நம்ம ஊர்ப்பக்கம் படித்தவர். வீரபத்ரன் ராமநாதன், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965இல் பொறியியல் முடித்துவிட்டு செகந்திராபாத்தில் ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். கேஸ் ஏன் கசிகிறது என்று பார்ப்பது அவர் வேலை. வேலை பிடிக்கவில்லை. பெங்களூரு வழியாக அமெரிக்கா போய், 1975இல் நாசாவின் ஓர் ஆய்வகத்தில் இருந்தபோது, அதே கேஸ் பூமியைச் சூடாக்கவும் செய்யும் என்று 'சயின்ஸ்' இதழில் எழுதினார். பூமியின் சூடு வெளியேற காற்றுமண்டலத்தில் ஒரு ஜன்னல் உண்டு. குறிப்பிட்ட அலைநீளங்களைக் கரியமில வாயுவும் நீராவியும் அவ்வளவாகத் தடுப்பதில்லை. சி.எஃப்.சி. சரியாக அந்த ஜன்னலில் போய் உட்காருகிறது. ஒரு மூலக்கூறுக்கு ஒரு மூலக்கூறு பார்த்தால் கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் அதன் வேகம்.

இதன் பலன் யாரும் திட்டமிடாதது. ஓசோனுக்காகச் செய்த மான்ட்ரியல் உடன்படிக்கை, காலநிலைக்கென்றே 1997இல் எழுதிய கியோட்டோ நெறிமுறையின் முதல் இலக்கைவிடப் பல மடங்கு வெப்ப வாயுவைத் தடுத்திருக்கிறது. 2007இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கியோட்டோ ஆட்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் சி.எஃப்.சி.க்கு மாற்றாக வந்தவற்றில் ஒரு வில்லங்கம். முதலில் ஆர்-22 பரவியது, அது ஓசோனைக் கொஞ்சம் தின்றது. அடுத்து எச்.எஃப்.சி. என்ற குடும்பம், குளோரினே இல்லை, ஓசோனுக்குப் பாதகமில்லை. சூடாக்குவதில் மட்டும் சளைக்காதவை. ஆர்-410ஏ கரியமில வாயுவைப் போல் சுமார் 2,088 மடங்கு, இப்போது பரவலாக வரும் ஆர்-32 சுமார் 675 மடங்கு.

இந்தக் குடும்பத்தை வைத்து ஒரு கூத்தும் நடந்தது. ஆர்-22 செய்யும்போது எச்.எஃப்.சி.-23 என்றொரு கழிவு வாயு வரும். அதை எரித்தால் கியோட்டோ ஏற்பாட்டின்படி, டன்னுக்கு 11,700 கார்பன் வரவுச்சீட்டு கிடைக்கும், விற்றுக்கொள்ளலாம். எரிக்கும் செலவு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இந்தியாவிலும் சீனாவிலும் சில ஆலைகளுக்குச் சரக்கைவிடக் கழிவு லாபமானது. கழிவுக்காகவே சரக்கை அதிகம் செய்கிறார்கள் என்ற புகார் கிளம்பியது. 2013இல் ஐரோப்பா அந்தச் சீட்டுகளை வாங்குவதை நிறுத்திவிட்டது. நல்ல நோக்கத்தோடு எழுதிய விதிதான். விலையைப் போட்டவர் ஆலைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலியில், எச்.எஃப்.சி.யையும் மான்ட்ரியல் உடன்படிக்கைக்குள் கொண்டுவந்தார்கள். அப்போதுதான் இந்தியா, அந்தக் கழிவு வாயுவை ஆலைகள் இனி சொந்தச் செலவில் எரிக்க வேண்டும் என்றும் அறிவித்தது. திருத்தம் முழுதாக நிறைவேறினால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அரை டிகிரி வரை வெப்பம் தவிர்க்கலாம் என்பது மதிப்பீடு. பணக்கார நாடுகள் 2019இல் குறைக்கத் தொடங்க வேண்டும். சீனாவுக்கு 2024இல் உச்சவரம்பு. இந்தியா 2031 கேட்டது, 2028க்கு இறங்கி வந்தது. 2047க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும்.

இந்தியா இழுத்தடித்தது என்று அப்போது எழுதினார்கள். மே மாதம் இங்கே வந்து ஒரு இரவு மொட்டைமாடி அறையில் படுத்துப் பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்கள். ஏசி வாங்கும் கூட்டம் இங்கே இப்போதுதான் வரிசையில் நிற்கத் தொடங்கியிருக்கிறது. அவகாசம் கேட்டது நியாயம். எனக்கு உறுத்துவது வேறு. இந்தியாவின் உச்சவரம்பு, 2024 முதல் 2026 வரையிலான சராசரிப் பயன்பாட்டோடு பழைய ஆர்-22 வகைக் கணக்கிலிருந்து ஒரு பங்கைச் சேர்த்துத் தீர்மானமாகிறது. ஆக, இந்த மூன்று வருடத்தில் எவ்வளவு அதிகம் வாங்குகிறோமோ அவ்வளவு அதிகம் பிற்பாடு அனுமதி. சிக்கனமாக இருந்தவனுக்குத்தான் நஷ்டம்.

மாற்று இல்லையா என்றால், இருக்கிறது. வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கம் குனிந்து ஸ்டிக்கரைப் பாருங்கள். புதியதென்றால் பெரும்பாலும் ஆர்-600ஏ, நம் சமையல் கேஸின் பங்காளி. முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் ஒரு ஆலையும் கிரீன்பீஸ் அமைப்பும் சேர்ந்து 1993இல் இந்த வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது வெடிக்கும் என்று மற்ற கம்பெனிகள் பயமுறுத்தின. ஏசிக்கும் ப்ரொப்பேன் பொருந்தும். ஆனால் ஏசியில் கேஸின் அளவு அதிகம், தீப்பிடிக்கும் சமாச்சாரம், பயிற்சி இல்லாத கையில் கொடுக்கக் கூடாது.

கை என்று சொன்னதும் கடைசி ஆளுக்கு வந்துவிட்டோம். இந்த உடன்படிக்கை எண்ணுவது உற்பத்தியையும் இறக்குமதியையும்தான். ஏற்கெனவே சுவரில் தொங்கும் இயந்திரத்துக்குள் இருப்பது அதன் கணக்கில் வராது. பழைய ஏசியைக் கழற்ற வந்த மெக்கானிக், அவுட்டோர் யூனிட் பக்கத்தில் குந்திக்கொண்டு ஸ்பேனரால் நட்டைத் தளர்த்துகிறார். ஒரு நிமிடம் சீறல், செப்புக்குழாய் ஓரத்தில் வெள்ளையாகப் பனி, அவ்வளவுதான். உள்ளே ஒரு கிலோ ஆர்-410ஏ இருந்திருந்தால், சுமார் 900 லிட்டர் பெட்ரோலை எரித்த அளவு அது.

"பிடிச்சு வைக்கலாமே அண்ணே" என்றேன்.

"வைக்கலாம் சார். மெஷின் வேணும், காலி சிலிண்டர் வேணும், அரைமணி நேரம் கூட ஆகும். அதுக்குக் கஸ்டமர் காசு குடுப்பாரா? பிடிச்சதை எடை போட்டு வாங்க ஆளிருந்தா நான் ஏன் சார் காத்துல விடப்போறேன்?"

ஐரோப்பாவில் 2015 முதல் அளவுக் கட்டுப்பாடு இறுகியபோது, 2018 வாக்கில் புது கேஸின் விலை பல மடங்கு ஏறியது. பழைய கேஸைப் பிடித்துச் சுத்தம் செய்து விற்பது அங்கே தொழிலானது. எல்லை தாண்டிக் கள்ள சிலிண்டரும் கூடவே வந்தது. நமக்கு 2028இல் வரம்பு விழும்போது அண்ணனிடம் எது முதலில் போய்ச் சேரும், எடை போடுகிறவரா, கள்ள சிலிண்டரா என்பதற்கு கிகாலியில் யாரும் பதில் எழுதி வைக்கவில்லை. அதை இங்கேதான் எழுத வேண்டும்.