ஒருவன் என்ற சொல்லில் இரண்டு கணக்கு

கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி கிறிஸ்து அரசர் ஆலயத்தில் ஞாயிறு பூசை முடித்த தோட்டத்துக் குடும்பம் ஒன்று மாமாக் கடையில் பசியாற உட்காருவதாக வைத்துக்கொள்வோம். ரொட்டி சானாய் வந்ததும் பெரியவர் நெற்றியையும் நெஞ்சையும் தோள்களையும் தொட்டு, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று சிலுவை அடையாளம் இடுகிறார். கல்லாவில் இருக்கும் பாய், ‘பிஸ்மில்லா’ சொல்லித் தேநீரை எடுக்கிறார். கடவுள் ஒருவரே என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. அந்த ‘ஒருவர்’ எப்படிப்பட்டவர் என்பதில்தான் பிணக்கு.

குர்ஆன் சொல்வது

‘மூன்று’ என்று சொல்வதைக் குர்ஆனின் 4:171 வசனம் தடுக்கிறது. அதே வசனம் ஈசா நபியை (இயேசுவை) இறைத்தூதர் என்றும், மர்யமிடம் (மரியாளிடம்) சேர்க்கப்பட்ட இறைவார்த்தை என்றும் போற்றுகிறது. இறைவனுக்குப் பிள்ளையும் இல்லை, பிறப்பும் இல்லை என்பது 112ஆம் அத்தியாயத்தின் சாரம். அவனுக்கு இணைவைப்பதே பெரும்பாவம். 5:116 ஈசாவோடு மர்யமையும் கடவுளாகக் கொள்வதைக் குறிப்பிடுவதால், “திரித்துவத்தில் மாதா இல்லையே” என்பார்கள் கிறிஸ்தவர்கள். அங்கே கண்டிக்கப்படுவது மர்யமை வணங்குவதுதான் என்பது முஸ்லிம் விரிவுரையாளர் பலரின் பதில்.

கிறிஸ்தவர்களோ, மூன்று கடவுளர் என்பதைத் தாங்களும் ஏற்பதில்லை என்கிறார்கள். இறைத்தன்மை ஒன்று, ஆட்கள் மூவர். மகன் என்பது உடல்வழி உறவல்ல. 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய சங்கங்கள் வகுத்த நம்பிக்கை இது.

நீதிமன்றம் ஏறிய சொல்

மலேசியாவில் இந்தக் கொள்கைப் பிணக்கு ஒரு சொல்லின் மீது வந்து விடிந்தது. நான்கு மொழிகளில் வரும் கத்தோலிக்க வார இதழ் ‘ஹெரால்ட்’, தன் மலாய்ப் பக்கங்களில் ‘அல்லா’ என்று எழுதலாமா? 2009 டிசம்பர் 31இல் உயர்நீதிமன்றம் எழுதலாம் என்றது. 2013 அக்டோபர் 14இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அச்சொல் கிறிஸ்தவ நம்பிக்கையின் இன்றியமையாத பகுதி அல்ல என்று கூறி அரசின் தடையை நிலைநிறுத்தியது. 2014 ஜூன் 23இல் கூட்டரசு நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது.

அதே இதழின் தமிழ்ப் பக்கங்களுக்கு இந்தத் தலைவலி வரவில்லை. அங்கே ‘இறைவன்’, மாமாக் கடை பாயின் தமிழிலும் ‘இறைவன்’. கெடாவில் இஸ்லாம் அல்லாத சமயங்களை முஸ்லிம்களிடம் பரப்புவதற்கு எதிரான 1988ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு என்பதால், கடை மேசையில் சமய வாதம் சூடு பிடிப்பதும் அரிது.

சொல் பொதுவாக இருந்தும் தமிழில் யாரும் குழம்பிப்போகவில்லை. பெரியவர் மூவொரு கடவுளை நம்புகிறார். பாய் ஏகத்துவத்தை நம்புகிறார். சொல்லைப் பூட்டி வைப்பதால் இந்த வேறுபாடு கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை.