மேளம் கேட்டால் திசை தெரிய வேண்டும்

நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் இருக்கும் கலபாரி ஊர்களில், எகினே சங்கத்தாரின் முகமூடி ஆட்டம் உச்சத்துக்குப் போகும்போது ஆட்டக்காரருக்கு ஒரு சோதனை வைப்பார்கள். மேளக்காரர் ஊர்த் தெய்வங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக மேளத்திலேயே அடித்துச் சொல்வார். கலபாரியில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும்; அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் மேளம் பேசுகிறது. முகமூடி அணிந்தவர் பெயரைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தெய்வத்தின் கோயில் இருக்கும் திசையைத் தயங்காமல் கைகாட்ட வேண்டும். தடுமாறினால் ஊர் முன்னால் தலைகுனிவுதான். மொழி, ஊரின் வரைபடம், தெய்வ வரிசை என்று மூன்றையும் ஒரே நொடியில் கேட்கும் இந்தத் தேர்வில், ஆடுபவரின் பாட்டன் எங்கிருந்து வந்தான் என்ற கேள்வி மட்டும் இல்லை. கலபாரியரும் ஒரு பிரிவாக உள்ள இஜா மக்களின் மூதாதையர் அடையாளத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் கிடையாது. அவர்களிடம் பரம்பரை என்பது கற்றுத் தேறும் ஒன்றாக இருந்திருக்கிறது. மொழி அதன் பாடம். பழைய சமயம் அதன் பள்ளிக்கூடம்.

இஜா பற்றிய பேச்சு பெரும்பாலும் 'எங்கிருந்து வந்தார்கள்' என்பதில்தான் தொடங்குகிறது. எகிப்து என்பார்கள், இஃபே நகரம் என்பார்கள். மொழியியல் தரும் விடை வேறு. நைஜர்-காங்கோ என்னும் பெருங்குடும்பத்தில் இஜா தனித்து நிற்கிறது. அந்தக் குடும்பத்தில் அதைச் சேர்ப்பதே சரியா என்று கேட்கும் ஆய்வாளர்களும் உண்டு. அண்டை மொழிகள் பலவற்றில் வினைச்சொல் வாக்கியத்தின் நடுவில் வர, இஜாவில் கடைசியில் வருகிறது. அவன், அவள், அது என்ற பிரிவும் உண்டு. தமிழ் வாசகருக்கு இது நம் வீட்டு இலக்கணம்போலத் தோன்றும். உடனே உறவு கொண்டாடவும் ஆசை வரும். ஆனால் வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் உலகெங்கும் உண்டு. சாயலை வைத்து வம்சம் சொல்ல முடியாது. ஒரு மொழி இவ்வளவு தனித்து நிற்க வேண்டுமானால் அது மிக நெடுங்காலமாகத் தன் வழியில் வளர்ந்திருக்க வேண்டும். அதற்கு நைல் நதியிடம் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை.

இரத்தம் அடையாளத்தைத் தீர்மானிக்கவில்லை என்பதற்கு அடிமை வணிகக் காலமே சாட்சி. உள்நாட்டிலிருந்து, குறிப்பாக இக்போ மக்களிடமிருந்து, வாங்கப்பட்ட பலர் கழிமுக நகரங்களின் 'வாரி' எனப்படும் வணிகக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டார்கள். கலபாரியில் அவர்கள் மொழியைச் சரியாகக் கற்றே ஆகவேண்டும். கொரொனொக்போ என்ற சங்கத்தார் இரவில் தெருக்களில் சுற்றி, கொச்சையாகப் பேசுபவர்களைப் பிடித்து மிரட்டுவார்கள். கற்றுத் தேறியவரோ குடும்பத்துக்கே தலைவராக உயரலாம். பக்கத்திலிருந்த போனி நகரில் கதை வேறு மாதிரி போயிற்று. வந்து சேர்ந்தவர்கள் அதிகம். அந்நகரின் இஜா மொழியான இபானி பின்வாங்கி, இக்போ வீட்டு மொழியாயிற்று. அடிமையாகப் போனிக்கு வந்து, பின்னர் ஒபோபோ அரசை நிறுவிய ஜாஜா மன்னரும் இக்போ மண்ணில் பிறந்தவரே. இதைப் பெருமைக் கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தப் பள்ளியின் கையில் பிரம்பு இருந்தது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் விரும்பி வந்தவர்களும் அல்லர்.

கற்பித்த பாடத்துக்கும் ஆழம் இருந்தது. கலபாரி நம்பிக்கையில் மூதாதையர், ஊரை நிறுவிய வீரர், நீருக்கடியில் வாழும் 'ஓவு' என்று மூவகை ஆவிகள் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலே படைத்தவள், ஆம், பெண்தான். இஜா மக்களில் இஸோன் மொழி பேசுவோர் அவளை வோயெங்கி, அதாவது 'நம் தாய்' என்பார்கள். அவள் மண்ணைப் பிசைந்து மனிதர்களைச் செய்து, ஆணா பெண்ணா, எப்படிப்பட்ட வாழ்வு, எப்படிப்பட்ட சாவு என்று ஒவ்வொருவரையும் கேட்டாள் என்கிறது படைப்புக் கதை. மந்திர சக்தியைக் கேட்டு வாங்கிய ஒக்போய்ன்பா பிறகு பிள்ளையில்லாமல் ஏங்கி, விதியை மாற்றித் தரும்படி வோயெங்கியிடமே போகிறாள். கேட்டு வாங்கியதை மாற்ற முடியவில்லை. தலையெழுத்தை யாரோ எழுதிவிட்டதாக அந்தக் கதை சொல்லவில்லை. பிறக்குமுன் நீயே வாயால் சொன்னது என்கிறது. பேச்சுக்கு இவ்வளவு கனம் தரும் சமயம் மொழியைக் காவல் காத்ததில் வியப்பில்லை.

பரம்பரை என்பது மொழியாலும் சமயத்தாலும் கற்றுத் தேறுவது என்ற இந்தக் கருத்துக்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, இஜா ஒரே மொழியே அல்ல. இஸோன் பேசுபவருக்குக் கலபாரி புரியாது. இன்னும் கூர்மையான உதாரணம் ஒக்பியா மக்கள். நைஜீரியாவில் வணிக அளவில் முதன்முதலாக 1956இல் எண்ணெய் கிடைத்த ஒலொய்பிரி அவர்களுடைய ஊர். முன்னாள் அதிபர் குட்லக் ஜோனதனும் ஒக்பியாக்காரரே. தங்களை இஜா என்றே சொல்லும் அவர்களின் தாய்மொழி வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அப்படியானால் மொழி எங்கே வந்தது? இஜா என்பது, எண்ணெய் வளத்தில் பங்கு கேட்டு இஜா இளைஞர்கள் 1998 டிசம்பரில் வெளியிட்ட கயாமா பிரகடனம் போன்றவற்றால் திரண்ட அரசியல் பெயரும்கூட என்பது உண்மை. ஆனால் ஒக்பியாவின் உதாரணம் இரத்த வாதத்தைத்தான் முதலில் உடைக்கிறது. சேர்ந்து வாழ்ந்து, வழக்கங்களைப் பகிர்ந்துகொண்டவர் உறவாகலாம் என்ற பழைய கழிமுக வழக்கத்தின் தொடர்ச்சியே அது.

இரண்டாவது மறுப்பு, பெரும்பாலோர் கிறிஸ்தவர்களாகிவிட்ட பிறகு பழைய சமயத்தைப் பேசி என்ன பயன் என்பது. 1916ஐ ஒட்டி கலபாரித் தீர்க்கதரிசி காரிக் பிரைடின் இயக்கம் கோயில் பொருள்களை அழித்தது. தப்பிய மூதாதையர் மரப்பலகைச் சிற்பங்கள் சிலவற்றை ஆங்கிலேய அதிகாரி டால்பட் லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். மரம் கடல் கடந்தது. சொல் ஊரிலேயே தங்கிவிட்டது. இன்றும் இஜா கிறிஸ்தவர் தம் பிள்ளைக்கு டமாரயெபி, அதாவது 'கடவுள் நல்லவர்' என்று பெயர் வைக்கிறார். டமாரா என்பது படைத்தவளின் பழைய பெயர். ஞானஸ்நானத் தொட்டிக்குள் இறங்கியும் அந்தச் சொல் கரையவில்லை.

ஆனால் சொல் மட்டும் பிழைத்தால் போதுமா? தென் அமெரிக்காவின் கயானாவில், பழைய டச்சுக் குடியேற்றமான பெர்பிஸில் அதற்கு விடை இருக்கிறது. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட இஜா மக்களின் பேச்சும் டச்சும் கலந்து அங்கே ஒரு புது மொழி பிறந்தது. அதன் அன்றாடச் சொற்களிலும் இலக்கண ஒட்டுகளிலும் இஜா நிறைந்திருந்தது. ஆனால் அங்கே மேளம் பெயர் சொல்லவில்லை, யாரும் திசை காட்டவில்லை. பேசியவர்களின் சொற்கள் எந்தக் கழிமுகத்திலிருந்து வந்தவை என்று கடைசியில் மொழியியலாளர்கள்தான் கண்டு சொன்னார்கள். அந்தக் கலப்பு மொழியை அறிந்த கடைசி மூதாட்டி 2005இல் இறந்தார். இன்று நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட், யெனகோவா நகரங்களில் ஆங்கிலமும் பிட்ஜினும் பேசி வளரும் இஜா பிள்ளைகளுக்கு டமாரா என்ற பெயர் நிச்சயம் மிஞ்சும். அந்தப் பெயரை ஒரு மேளம் சொன்னால் புரிந்துகொள்ளும் காது மிஞ்சுமா என்பது, யாராவது உட்கார்ந்து கற்பிப்பதைப் பொறுத்தது.