காரணம் புலப்படாத நீர்க்கடுப்பு

சிறுநீர் கழிக்கையில் உண்டாகும் எரிச்சலையும் வலியையும் நம் மக்கள் நீர்க்கடுப்பு என்பர். பெயர் ஒன்று, காரணங்களோ பல. மருத்துவர் அவற்றை எவ்வாறு பிரித்தறிகிறார், காரணம் புலப்படாதபோது ஏட்டில் எதை எழுத வேண்டும் என்பதையே மாணவர்களாகிய உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

வடசென்னையை நோக்குவோம். காசிமேட்டில் வெயிலில் உழைப்போருக்கும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் உலையருகே நிற்போருக்கும் வியர்வை பெருகுகிறது. குடிக்கும் நீர் குறைந்தால் சிறுநீர் செறிவடைந்து, கல் உண்டாக இடந்தருகிறது. கழிப்பிடமின்றிச் சிறுநீரை அடக்கும் பெண்களைக் கிருமி எளிதில் பற்றக்கூடும். இவர்கள் எல்லோரும் "சூடு பிடித்துக்கொண்டது" என்றே சொல்வர். 1938-இல் கல்லூரியாக உயர்ந்த இராயபுரத்து ஸ்டான்லி போன்ற மருத்துவமனையில் அந்த ஒரு சொல்லிலிருந்துதான் ஆராய்ச்சி தொடங்க வேண்டும்.

முதலில் கேள்வி. எரிச்சல் தொடக்கத்திலாயின் சிறுநீர் வடிகுழாயிலும், முடிவிலாயின் சிறுநீர்ப்பையிலும் கோளாறு இருக்கலாம். குளிர்காய்ச்சலும் விலாவலியும் சேர்ந்தால் சிறுநீரகத்தை ஐயுற வேண்டும். குருதி கலந்திருந்தால் கல்லோ கட்டியோ என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது சோதனை. முதலில் வரும் சிறுநீரை விட்டு, நடுவில் வருவதைத் தூய கலத்தில் பிடிக்க வேண்டும். அதுவும் மருந்து உண்பதற்கு முன்பே. நுண்ணோக்கியில் சீழணுக்கள் தென்படும். கிருமியை வளர்த்துப் பார்க்க ஏறக்குறைய ஒருநாள் ஆகும். ஒரு மில்லிலிட்டரில் 1,00,000 கிருமிகள் இருந்தால் அது உண்மையான தொற்று என்னும் அளவுகோலை அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ் 1956-இல் விளக்கினார். நோய்க்குறிகள் உள்ளவரிடம் அதனினும் குறைந்த எண்ணிக்கையையும் இன்று புறக்கணிப்பதில்லை.

சீழ் உண்டு, ஆயினும் கிருமி வளரவில்லை என்றால்? நோயாளி முன்பே மருந்து உண்டிருக்கலாம். அல்லது அது, 1882-இல் காக் கண்டறிந்த காசநோய்க் கிருமியாக இருக்கலாம். அக்கிருமி தனி ஊட்டத்தில்தான் வளரும், வளர வாரக்கணக்காகும். ஆதலால் "கிருமி இல்லை" என்று எழுதுவது பிழை; "வழக்கமான சோதனையில் கிருமி காணப்படவில்லை" என்பதே சரியான குறிப்பு.

காரணம் தெரியாத நிலையை எழுதவும் இடமுண்டு. 1990-இல் உலகச் சுகாதாரப் பேரவை ஏற்ற நோய்ப் பகுப்பின் பத்தாம் திருத்தத்தில், சிறுநீர் கழிக்கையில் உண்டாகும் வலிக்கு "ஆர் 30" என்னும் குறியீடு உண்டு. அது நோயின் பெயரன்று, நோய்க்குறியின் பெயர். அதை விடுத்து, ஊகத்தால் "தொற்று" என்று எழுதினால் அடுத்து வரும் மருத்துவரும் அதையே நம்புவார். வேண்டாத மருந்து தொடரும். இடையில் காசமோ கட்டியோ முற்றிவிடும்.

உங்களுக்கு இத்துன்பம் நேர்ந்தால் நாணி மறைக்காதீர்கள். என்று தொடங்கியது, எவ்வளவு நீர் குடித்தீர்கள், எம்மருந்தை உண்டீர்கள் என்பவற்றைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். சரியான காரணத்தை அவர் காண அக்குறிப்பு பேருதவியாகும்.