பிரதி செய்ய இயலாத பூட்டு உண்டா?

சிகந்தராபாத்திற்கு வடக்கேயுள்ள அல்வாலில் ஒரு குடும்பத்தினர் திரைப்படத் தகடு ஒன்றை விலைக்கு வாங்கி, வீட்டுக் கருவியில் இட்டுப் பார்க்கின்றனர் எனக் கொள்வோம். படம் சங்கேத முறையில் பதிவாகியிருப்பதால், அதை மற்றொரு தகட்டில் அப்படியே பிரதி செய்தால் ஓடாது. ஆயினும் அவர்கள் திரையில் அது தெளிவாகத் தெரிகின்றது. அவ்வாறு தெரிய வேண்டுமாயின், சங்கேதத்தை அவிழ்க்கும் திறவுகோல் அக்கருவிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். பிரதித் தடை முறைகளின் அடிப்படைக் குறை இதுவே.

சங்கேதக் கலை வலுவற்றதன்று. செய்தியின் நீளத்திற்குக் குறையாததும், ஒழுங்கேதுமின்றி அமைந்ததும், ஒரு முறை மட்டுமே பயன்படுவதுமான இரகசியத் திறவுகோல் இருப்பின், அச்சங்கேதத்தை எவராலும் உடைக்க இயலாது என்பதை அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் கணித முறையில் நிறுவினார். ஆனால் அங்கே அனுப்புபவரும் பெறுபவரும் நண்பர்கள், ஒட்டுக்கேட்பவன் மூன்றாமவன். திரைப்படத் தகட்டிலோ, பெறுபவரும் சந்தேகத்திற்கு உரியவரும் ஒருவரே. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, அதன் வடிவத்தைப் பாராதே என்பதற்கு இது ஒப்பாகும்.

டி.வி.டி. தகடுகளின் சங்கேதம் 40 இரும இலக்கங்களே கொண்ட திறவுகோலை நம்பியிருந்தது. 1999இல் நார்வே இளைஞர் ஒருவரும் அவருடைய கூட்டாளிகளும் அதனை அவிழ்க்கும் மென்பொருளை வெளியிட்டனர். அவ்விளைஞர் மீதான வழக்கில் 2003இல் அவர் விடுதலை பெற்றார். சில இசைத்தகடுகளின் தடையோ 2002இல் விளிம்பில் மைப்பேனாவால் கோடிட்டதும் பயனற்றுப் போயிற்று! பின்வந்த முறைகள் வலிமை மிக்கவை. எனினும் படம் முடிவில் ஒளியாகக் கண்ணை எட்டியே தீர வேண்டும். கண்ணுக்கு எட்டுவது காமிராவிற்கும் எட்டும்.

தயாரிப்பாளர்களின் நஷ்டமோ சிறிதன்று. ‘பாகுபலி 2’ வெளியான சில நாட்களுக்குள், அதன் திருட்டுப் பிரதியை இணையத்தில் வெளியிடப் போவதாக அச்சுறுத்திப் பணம் கேட்டதன் தொடர்பில், 2017 மே மாதத்தில் ஹைதராபாத் போலீசார் ஆறு பேரைக் கைது செய்தனர். அப்பிரதி பீகாரில் பெகுசராய் நகரத் திரையரங்கு ஒன்றிலிருந்து கிடைத்ததென அவர்கள் தெரிவித்தனர்.

இத்தகைய தேடலுக்கு உதவுவது கண்ணுக்குப் புலப்படாத அடையாளக் குறி. எந்த அரங்கில், எந்நேரத்தில் திரையிடப்பட்டது என்பதை அது படத்தினுள்ளேயே பதித்து வைக்கின்றது. திருட்டைத் தடுக்க அதற்கு ஆற்றலில்லை. திருடிய இடத்தைக் காட்டிக்கொடுக்கும். தடையினும் இதுவே பயனுடையது எனலாம்.

2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பதிப்புரிமையை மீறும் நோக்குடன் பிரதித் தடையை உடைப்போருக்கு இந்தியாவில் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. முறையாகப் பெற்ற பிரதியைக் கொண்டு சங்கேத ஆராய்ச்சி செய்வோருக்கு அச்சட்டமே விலக்களிக்கின்றது.