சுருக்குக் கம்பிகளுக்குப் பலியாகும் சிறுத்தைகள்

நல்லதண்ணிப் பிரதேசத்தில் 2020ஆம் ஆண்டு மே மாதம் கம்பிச் சுருக்கில் சிக்கியிருந்த கருஞ்சிறுத்தையொன்று மீட்கப்பட்டது. உடவளவையில் சிகிச்சையளிக்கப்பட்டபோதும் சில தினங்களில் அது உயிரிழந்தது. மலையகத்தில் சிறுத்தைகள் இவ்வாறு மடிவது புதிய விடயமல்ல.

இலங்கைச் சிறுத்தை உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத உப இனமாகும். சிங்கமோ புலியோ இல்லாத எமது காடுகளில் உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பதும் அதுவே. 2008ஆம் ஆண்டு அழியும் ஆபத்திலுள்ளதாக வகைப்படுத்தப்பட்ட இவ்வினம், 2020ஆம் ஆண்டு பாதிப்புறக்கூடியது என்ற நிலைக்கு மாற்றப்பட்டது. ஆயினும், முதிர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளதாக மதிப்பிடப்படுவதால் இதனைக் கொண்டு ஆறுதலடைய முடியாது.

மலையகச் சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காகவே வைக்கப்படுகின்றன. தேயிலைத் தோட்டங்களுக்கிடையே துண்டு துண்டாக எஞ்சியுள்ள காடுகளுக்கிடையில் நடமாடும் சிறுத்தையும் அவற்றில் அகப்படுகின்றது. விடுபட முயலும்போது கம்பி மேலும் இறுகி உள்ளுறுப்புகளைச் சிதைத்துவிடுகின்றது. பயிரை நாசமாக்கும் பன்றியை வேட்டையாடும் விலங்கையே பன்றிக்கான பொறி கொல்வது வேதனைக்குரிய முரண்பாடாகும்.

மறுபுறத்தில் மக்களின் அச்சத்தையும் அலட்சியப்படுத்தலாகாது. அதிகாலையில் கொழுந்து பறிக்கச் செல்லும் தொழிலாளிக்குச் சிறுத்தை என்பது படத்தில் கண்டு ரசிக்கும் அழகல்ல. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தையொன்று தாக்கியதில் சுமார் பத்துப் பேர் காயமடைந்தனர். அதனை மக்கள் அடித்துக் கொன்ற காட்சி நாடெங்கும் கண்டனத்துக்குள்ளானது. எனினும், கூட்டமாகச் சூழ்ந்து துரத்தப்படும் விலங்கு தப்ப வழியின்றியே தாக்குகின்றது என்பதை எவரும் அம்மக்களுக்கு முன்கூட்டி எடுத்துரைத்திருக்கவில்லை என்றே கருத வேண்டியுள்ளது.

எனவே, 2021ஆம் ஆண்டு முதல் ஓகஸ்ட் முதலாம் திகதி அனுஷ்டிக்கப்படும் இலங்கைச் சிறுத்தை தினம் கொழும்பு மண்டபங்களுடன் முடிந்துவிடலாகாது. தோட்டப் பாடசாலைகளிலும் கோயில், பள்ளிவாசல் முன்றல்களிலும் தமிழில் விளக்கங்கள் அளிக்கப்பட வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் சுருக்குகளை அகற்றுவதுடன், பன்றிகளால் பயிரிழப்போருக்கு மாற்று வழியும் காட்ட வேண்டும். சிறுத்தையைக் கண்டால் கூட்டம் கூடாது விலகி நின்று, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பதே பொதுமக்களின் கடமையாகும்.

சட்டம் 1937ஆம் ஆண்டு முதலே உள்ளது. அது ஏட்டிலிருந்து மக்கள் மனதுக்கு இறங்கினாலன்றிச் சிறுத்தைக்கும் பாதுகாப்பில்லை, மனிதருக்கும் பாதுகாப்பில்லை.